கொண்டைக்குப் பள்ளம் வெட்டின பலகை

1949 மே 3, செவ்வாய்

கொழுந்தன் லியோனார்ட் வந்துவிட்டுப் போனார். தேனாம்பேட்டை ஆபீசிலிருந்து நேராக வந்ததால் காலர் வரை வியர்வை. காபி வேண்டாம் என்றார், குடித்தார். அண்ணன் போய் ஒரு வருஷம் நிறைகிற ஆண்டுப் பூசை ஆகஸ்டு இருபதில் வருகிறதே, பாட்டுப் பூசையா, சாதாப் பூசையா என்று ஆரம்பித்து, கொட்டகையில் நிற்கும் மோட்டாரில் வந்து நின்றார்.

கோடம்பாக்கத்தில் ஒரு சினிமாக் கம்பெனிக்குப் பழைய மோட்டார் வேண்டுமாம். எதற்கு? பாறைமேலிருந்து உருட்டிவிட்டுக் கொளுத்துவதற்காம்.

"கதையில ரொம்ப முக்கியமான கட்டம் அண்ணி" என்றார், ஏதோ அவரே உட்கார்ந்து கதை எழுதினது போல.

என் வீட்டுக்காரரிடம் வேலை வாங்கின துரை சீமைக்குப் போகும்போது இவருக்கென்று விட்டுப் போன வண்டி அது. ஆனால் வண்டியின் பதிவுப் புத்தகம் லியோனார்ட் பெயரில். அப்போது வீட்டில் இங்கிலீஷில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மேலே அவர் கையெழுத்து, கீழே இவர் முதுகு. அப்படித்தான் அந்த வண்டி இரண்டு வருஷம் ஓடியது.

"மெஹபூப் பாய் டாக்ஸியா ஓட்டறேன்னு சொல்லியிருக்காரு தம்பி. அது ஓடினா என் வயிறும் ஓடும்" என்றேன்.

"ஓடினாத்தானே அண்ணி?" என்று சிரித்தார். பிறகு பெரிய மனது வந்துவிட்டது. "சரி. ஆண்டுப் பூசை அன்னிக்கி அது தானா ஓடிக் கோவில் வாசலுக்கு வரட்டும். வந்துட்டா உங்களுது. நான் குறுக்க நிக்க மாட்டேன். வரலன்னா சினிமாவுக்கு."

ஏற்கெனவே அவர் அனுப்பின இரண்டு மெக்கானிக்குகளும் வண்டி தேறாது என்று சொல்லிவிட்டார்கள். ஒருவன் கொட்டகைக்குள் வருவதற்கு முன்பே சொன்னான்.

மே 4

கொட்டகைக் கதவைத் திறந்தேன். மூடினேன்.

மே 8, ஞாயிறு

இன்றைக்குத் திறந்து உள்ளேயும் போனேன்.

எல்லாம் அவர் விட்டபடியே. கிளச்சுத் தட்டு மாற்றுவதற்காக அடியில் போனவர். புதுத் தட்டு காகிதத்தில் சுற்றினபடி அலமாரியில் இருக்கிறது. கியர் பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் பாதி கழன்று டப்பாவில், பாதி வண்டியில். அந்த நடுவில்தான் அவர் மூச்சு நின்றது. ஒரு நொடியில் போயிருக்கும், யார் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். நம்புகிறேன். அதைப்பற்றி எனக்கு விசாரமில்லை.

விசாரமெல்லாம் அதற்குப் பின்னால் நடந்ததுதான். சாக்கை விரித்துப் படுத்திருந்தார். தெரு ஆண்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள். சாக்கு சுருண்டு இடுப்பில் அடைத்துக்கொண்டது. இன்னும் இழுத்தார்கள். சட்டை மேலே ஏறிவிட்டது. கொட்டகைத் தரை செங்கல் தரை. குளிப்பாட்டும்போது முதுகைப் பார்த்தேன்.

செத்தவருக்கு வலிக்காது என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்ன யாருக்கும் முதுகு உரியவில்லை.

மே 11

நான் வண்டிக்கடியில் போனேன்.

ஏன் போகக்கூடாது? அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது யார்? கையை மட்டும் வெளியே நீட்டுவார், வாய் திறக்க மாட்டார். கை நீட்டுகிற விதத்திலேயே எந்த ஸ்பேனர் என்று எனக்குத் தெரியும். கன்னியர் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஸ்பேனரில் இருக்கிற இங்கிலீஷ் தெரியும்.

சாக்கு விரித்துத்தான் போனேன். கொஞ்ச தூரம் போனதும் சேலை ஒரு பக்கம், சாக்கு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கொண்டை செங்கல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. வெளியே வருவதற்குள் நண்டு பட்ட பாடு.

ஒரு நல்லது. துக்கத்துக்குக் கட்டின கறுப்புச் சேலையில் எண்ணெய்க் கறை தெரியவே இல்லை. விதவைகள் என்ன தொழில் செய்யவேண்டும் என்று சர்வேசுரன் யோசித்துத்தான் நிறம் ஒதுக்கியிருக்கிறார் போல.

மே 15

மெஹபூப் அலி பாயைக் கூப்பிட்டு அனுப்பினேன். இவருக்குப் பழைய கூட்டாளி. லஸ் முனையில் ஒரு செட்டியாருடைய டாக்ஸியை ஓட்டுகிறார். விஷயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, நானே அடியில பூந்து பண்ணிட மாட்டனா? ஆனா பாரு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். "நான் உள்ள போனா வண்டிய மேல தூக்கணும். வண்டிய தூக்கலன்னா என்னைய வெட்டணும்."

"நீங்க மேல இருந்து சொல்லுங்க பாய். நான் அடியில பாத்துக்கறேன்."

"நீயா? அல்போன்ஸு பொஞ்சாதியா?" சுற்றிலும் பார்த்தார். "ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரா வந்து கிளச்சு மாத்தப் போவுது?"

யோசித்தார். மவுண்ட் ரோட்டுப் பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் சக்கரம் வைத்த பலகை உண்டாம். கிரீப்பர் என்பார்களாம். மெக்கானிக் அதில் மல்லாந்து படுத்துக் காலால் உந்தினால் சர்ரென்று வண்டிக்கடியில் போய்விடலாம், சர்ரென்று வரலாம்.

"அசந்து தூங்கிட்டான்னு வெச்சுக்க, காலைப் புடிச்சு இஸ்தா ஒரே இஸ்ப்புல வந்துருவான்" என்று சிரித்தார். சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. இழுத்தவர்களில் அவரும் ஒருவர்.

"அதுதான் பாய் எனக்கு வேணும்" என்றேன்.

மே 22

பாய் மூர் மார்க்கெட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். மிலிட்டரி டிஸ்போசல் சாமான். முழுக்க இரும்பு. அமெரிக்கா சோல்ஜர் படுத்ததாம்.

மே 24

படுத்துப் பார்த்தேன். அந்த சோல்ஜர் நன்றாகச் சாப்பிட்டவன். அவன் அகலத்துக்கு நான் நடுவில் உருள்கிறேன். நீளமும் அப்படியே, காலை நீட்டினால் தரை எட்டவில்லை. தரை எட்டாமல் எப்படி உந்துவது? தலைமாட்டில் ஒரு மெத்தைக் கட்டை வைத்திருக்கிறான். ஆம்பிளைத் தலைக்குச் சரி. எனக்குக் கொண்டை அதில் இடித்து, கழுத்து முன்னால் வளைந்து, கியர் பாக்ஸைப் பார்ப்பதற்குப் பதில் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சக்கரம் பலகைக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. ஒரு உந்து உந்தினேன், முந்தானையைத் தின்றுவிட்டது.

உயரமும் ஜாஸ்தி. மூக்குக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சப்பாத்தி நுழையலாம்.

யுத்தத்தை ஜெயிக்கச் செய்த சாமான்தான். சேலை கட்டினவர்களை எதிர்த்து ஜெயிக்கச் செய்தார்களோ என்னவோ.

பாய்க்கு வருத்தம். "உன் அளவுக்குச் செஞ்சுக்க தங்கச்சி. மீர்சாகிப்பேட்டையில ஷஃபியுல்லான்னு ஒரு தச்சரு கீறாரு. கை சுத்தம்."

ஜூன் 2

மீர்சாகிப்பேட்டைக்குப் போனேன். ஷஃபியுல்லா பாய் ரொம்ப மரியாதையான மனிதர். என் கறுப்புச் சேலையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வண்டிக்கடியில் படுக்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விதவை ஒருத்தி மோட்டாருக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறாள் என்று மீர்சாகிப்பேட்டை முழுக்கத் தெரிந்தால் எங்கள் மந்தைவெளிக்கு வர எவ்வளவு நேரம்? அதனால் பலகையை மட்டும் சொன்னேன்.

"ஒரு ஆள் மல்லாந்து படுக்கறாப்புல வேணும் பாய். தோள் அகலம் இருந்தாப் போதும். உயரமே கூடாது. சக்கரம் பலகைக்கு உள்ள அடங்கியிருக்கணும். தலைமாட்டுல கொண்டைக்கு ஒரு பள்ளம் வெட்டிடுங்க. கால்மாட்டுல ஒரு வளையம், கயிறு கட்டி இழுக்கறதுக்கு."

தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர் கொண்டைப் பள்ளத்தில் நின்றார். "பொம்பளைக்காம்மா?"

"எனக்குத்தான்."

பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடி காதிலேயே வைத்தார். "மேல மூடி?"

"மூடி எதுக்கு பாய்? மூச்சு முட்டுமே."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எப்போ வேணும்?"

"ஆகஸ்டுக்குள்ள முடிஞ்சுடணும். ஜூன்லயே கிடைச்சா நல்லது, கொஞ்சம் பழகிக்கலாம்."

"அல்லா" என்றார் மெதுவாக. "உடம்புக்கு ஏதாச்சும்... டாக்டர் ஏதாச்சும் சொன்னாராம்மா?"

உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். கூலி பேசப் போனால் கையெடுத்துக் கும்பிட்டு, அப்புறம் பார்க்கலாம் என்கிறார். அளவெடுக்கும்போது கண் கலங்கியிருந்தது. தச்சருக்கெல்லாம் மரத்தூள் கண்ணில் விழும் போல.

ஜூன் 12, ஞாயிறு

பலகை வந்துவிட்டது! துணி போர்த்தி, இரண்டு ஆட்கள் தலைமாடு கால்மாடு பிடித்துத் தெருவெல்லாம் மெதுவாக நடந்து கொண்டுவந்தார்கள். ஷஃபியுல்லா பாய் பின்னாலேயே தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

என்ன வேலைப்பாடு! பூசைக்குப் போட்ட பீடம் மாதிரி வழவழப்பு. பேரிங் வைத்த சக்கரம். கொண்டைப் பள்ளத்தில் என் கொண்டை அப்படியே உட்காருகிறது. சும்மாவே கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தேன்.

ஜூன் 13

பக்கத்து வீட்டு ஐரின் டீச்சர் பால் பாயசம் கொண்டுவந்தார். இந்த வீட்டு எண்ணெய் நாற்றம் பொறுக்கவில்லை என்று ஜன்னலை மூடியே வைத்திருப்பவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தைரியசாலி மர்சலின். எனக்கெல்லாம் அந்தத் துணிச்சல் வராது" என்றார். வண்டி விஷயம் தெரிந்துவிட்டது போல என்று நினைத்து, பழகினால் பயமில்லை டீச்சர் என்றேன். அழுதுகொண்டே போனார்.

ஜூன் 14

இப்போதுதான் புரிந்தது. சேசுவே.

கோவில் உபதேசியார் ஞானதாஸ் வந்தார். ஜெபப் புத்தகத்தோடு வந்தார். அவநம்பிக்கை எவ்வளவு பெரிய பாவம் என்று ஆரம்பித்தார், பிறகு தன் மரணத்தைத் தினமும் நினைப்பது எவ்வளவு பெரிய புண்ணியம் என்று முடித்தார். இரண்டில் எது எனக்கு என்று அவருக்கே நிச்சயமில்லை. கடைசியில் வந்த விஷயம் இது. மர்சலின் புருஷன் போன துக்கத்தில் தனக்குத் தானே பிணப்பலகை செய்து வீட்டில் வைத்துக்கொண்டாள், சக்கரம்கூட வைத்து, தூக்குகிறவர்களுக்குச் சிரமம் கொடுக்காமல்.

ஷஃபியுல்லா பாய் அவர்கள் பள்ளிவாசலில் பிணம் தூக்குகிற சந்தூக்குப் பெட்டியைச் செய்த கை. அவர் வேறு என்ன நினைப்பார்? மூடி எதுக்கு, மூச்சு முட்டும் என்றேனே நான்!

இல்லை ஐயா, அது மோட்டாருக்கடியில் படுக்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "பங்குச் சாமியாரே சொன்னாரும்மா. இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆத்துமமான்னு" என்றார்.

சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தேன். பிணமாகப் படுக்கப் பலகை செய்தால் புண்ணியவதி. உயிரோடு படுத்து வேலை செய்யச் செய்தால் மானம் கெட்டவள். பலகை ஒன்றுதான்.

ஜூன் 27

புண்ணியவதியாக இருப்பதில் ஒரு வசதி. கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் தட்டுவதில்லை. ஜெபத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே சத்தம் கேட்டால் மார்பில் அடித்துக்கொள்கிறாள் என்று நினைப்பார்களோ?

மீதி போல்ட்டுகள் கழன்றுவிட்டன. ஒன்று மட்டும் வரமாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.

ஜூலை 3

அது இன்னும் வரவில்லை. அவரும் இதனோடுதான் மல்லுக்கட்டினாரா கடைசியில்? இதுவா? பாழாப்போன போல்ட்டு, ஒரு மனுஷனத் தின்னது போதாதா உனக்கு—

ஜூலை 5

வந்துவிட்டது. திட்டினால் வரும் போலிருக்கிறது. அவர் யாரையும் திட்டமாட்டார், அதுதான் சங்கடம்.

ஜூலை 19, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் அடியில் இருந்தேன். கதவைத் தாழ் போட மறந்துவிட்டேன். உதட்டில் இரண்டு ஸ்பிலிட் பின்னைக் கவ்விக்கொண்டு, கையைத் தூக்கிக்கொண்டு கிடந்தேன். யாரோ வருகிற சத்தம்.

"மர்சலினம்மா?"

உபதேசியார் குரல். வாயைத் திறந்தால் பின் தொண்டைக்குள் போய்விடும். கையை விட்டால் பழைய தட்டு மூஞ்சியில் விழும். பேசாமல் இருந்தேன்.

"அம்மா! மர்சலினம்மா! ஐயோ சேசுவே, மாதாவே!"

அவருக்குத் தெரிந்ததெல்லாம் என் கால் இரண்டும். அதே இடம். போன வருஷம் இவருடைய கல்லறை மந்திரிப்புக்குக் குடை பிடித்து வந்தவர் அவர்தான், இவர் எப்படிச் செத்தார் என்று அவருக்குத் தெரியாதா? ஓடி வந்தார். கயிற்றைப் பிடித்தார். இழுத்தார்.

அவ்வளவுதான். நான் வெளியே வந்துவிட்டேன்.

அவர் எழுபதைத் தாண்டின மனிதர், மூங்கில் குச்சி மாதிரி. ஒற்றை ஆள், ஒரு கை. ஒரு சத்தமில்லை, ஒரு குலுக்கல் இல்லை. தண்ணீரில் வருகிற மாதிரி வந்தேன். முதுகில் ஒரு செங்கல்கூடப் படவில்லை. இவ்வளவு சுளுவா? இவ்வளவு சுளுவாவா இருந்திருக்கும்? ஒரு பலகை, நாலு சக்கரம்... எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னைத் துப்பிவிட்டு அழுதேன். செத்தவள் எழுந்து உட்கார்ந்து எண்ணெய் மூஞ்சியோடு அழுகிறாள், பாவம் அவர் சுவரில் சாய்ந்துவிட்டார்.

தண்ணீர் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். லியோனார்ட், சினிமா, ஆண்டுப் பூசை, போன வருஷத்து முதுகு, எல்லாம்.

தண்ணீரைக் குடித்து முடித்துக் குவளையைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப இது கோவிலுக்கு இல்லையா?" என்றார். முகம் சுருங்கிவிட்டது. செத்துப்போகிற ஏழைகளைத் தூக்கிப் போகும் கோவில் தூம்பாப் பெட்டியைக் கரையான் தின்றுவிட்டதாம். என் பலகையை எனக்கு வேண்டுகிற காலம் வரை இரவல் கேட்கத்தான் வந்தாராம்.

"எனக்கு இப்பவே வேண்டியிருக்கே ஐயா."

"தெரியுது" என்றார். பலகையைச் சுற்றி வந்தார். சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். "நான் ஒருதரம் படுத்துப் பாக்கட்டா?"

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தார். கொண்டைப் பள்ளத்தில் அவர் தலை முழுதும் இறங்கிவிட்டது. மெதுவாக உந்தி விட்டேன். அடியிலிருந்து குரல் வந்தது. "அம்மாடி, இதுக்கு இவ்வளவு குடல் இருக்கா!"

ஜூலை 24

உபதேசியார் பொய் சொல்லமாட்டார். அதுவே ஆபத்து என்று பயந்தேன். பூசை முடிந்து பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, மர்சலின் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள்.

"தினமும் அந்தப் பலகையில படுத்துடறாங்க. மேல பாத்தபடியே இருக்காங்க. நானே பாத்தேன்" என்றார்.

என் புண்ணியம் இன்னும் இரண்டு தெருவுக்குப் பரவிவிட்டது.

ஆகஸ்டு 6

புதுத் தட்டு ஏறிவிட்டது. மெஹபூப் பாய் வண்டிக்குள் தரைப் பலகையைப் பெயர்த்து, குறுக்கே உத்தரம் போட்டு, கயிற்றில் கியர் பாக்ஸைத் தொங்கவிட்டார். நான் அடியில். தட்டின் நடு ஓட்டைக்கு நேராக கியர் பாக்ஸின் தண்டு நுழையவேண்டும். நுழைந்தால்தானே? காலையிலிருந்து பிடித்த பிடிவாதம்.

"இன்னா தங்கச்சி, போச்சா?"

"இல்ல பாய், இடது பக்கம்."

"எனக்கு இடதா உனக்கு இடதா?"

"நான் மல்லாந்துக்கிட்டு இருக்கேன் பாய், எனக்கு எது இடதுன்னு எனக்கே தெரியல."

அப்புறம் விளக்குமாற்றுக் கட்டையைச் சீவி, முதலில் அதை ஓட்டையில் விட்டுத் தட்டை நேர் செய்தேன். இவர் அப்படிச் செய்ததை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். தண்டு உள்ளே போனபோது ஒரு சத்தம் வந்தது. பெட்டி மூடுகிற சத்தம். பாய் மேலேயிருந்து "சபாஷ்" என்று கத்தினார். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது.

ஆகஸ்டு 18

ஹேண்டில் போட்டதும் பிடித்துக்கொண்டது. புகை கொட்டகை முழுக்க. நான் இருமினேன், பாய் இருமினார், வண்டி இருமவில்லை.

ஆகஸ்டு 20, சனி

ஆண்டுப் பூசை. மெஹபூப் பாய் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து கோவில் வாசலில் போய் இறங்கினேன். ஜனங்கள் விலகி வழி விட்டார்கள். செத்துப்போகத் தயாராக இருந்தவள் மோட்டாரில் வந்து இறங்கினால் யாருக்கு என்ன தோன்றும்? ஐரின் டீச்சர் வாயைத் திறந்தவர் பூசை முடியும் வரை மூடவில்லை. நான் அழவில்லை. அவர் பெயரைச் சாமியார் வாசித்தபோது மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

வெளியே வந்ததும் லியோனார்ட் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகமெல்லாம் பல். என் கையைப் பிடித்துக்கொள்வார் போலிருந்தது.

"அண்ணி, நீங்க பெரிய காரியம் பண்ணிட்டீங்க!"

"உங்க அண்ணன் பண்ணதுதான் தம்பி. பாதிதான் நான்."

"இல்ல இல்ல. ஓடாத வண்டிய அவங்க லாரியில தூக்கிக்கிட்டுப் போவணும். ஓடற வண்டின்னா அதுவே ஓடிப் போயி பாறையில இடிக்கறாப்புலப் படம் புடிக்கலாமாம். அதுக்குத் தனி மவுசு. மேனேஜர் செவ்வாக்கிழமை வர்றார்."

"ஓடினா எனக்குன்னு சொன்னீங்களே."

"அது ஓடாதுன்னு நெனச்சு சொன்னது அண்ணி" என்றார். ரொம்ப நியாயமாகச் சொல்கிற மாதிரி சொன்னார். "புத்தகம் என் பேர்லதானே இருக்கு? பாத்துச் செய்வேன், உங்கள விட்டுடுவேனா?"

இத்தன நாளு நான் படுத்து உருண்டு, கையெல்லாம் கிழிச்சுக்கிட்டு, எதுக்கு? நெருப்புல போடறதுக்கு நல்லா அலங்காரம் பண்ணிக் குடுத்தேனா?

ஆகஸ்டு 21

பூசைக்குப் போகவில்லை. பாவம்தான். இருக்கட்டும்.

ஆகஸ்டு 22

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷம், துரை வண்டியை யாரும் ஓட்டிக்கொண்டு போய்விடக்கூடாது என்று இவர் ஒரு காரியம் செய்வார். இன்ஜினில் ஒரு கறுப்பு மூடியைத் திறந்து, உள்ளே சுற்றுகிற சின்னத் துண்டு ஒன்றை எடுத்து இடுப்பில் முடிந்துகொள்வார். ரோட்டர் என்பார். பார்த்தால் ஒரு கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். அது இல்லாமல் தீப்பொறி இல்லை, தீப்பொறி இல்லாமல் வண்டி வெறும் தகரம்.

இன்றைக்கு யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்டு 23, செவ்வாய்

மேனேஜர் பெயர் அனந்தராமன். வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, கொட்டகைக்குள் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். லியோனார்ட், அண்ணி நாளைக்கு ஒன்றும் பேசக்கூடாது என்பதற்காக உபதேசியாரைச் சாட்சிக்கு அழைத்து வந்திருந்தார். நான் ஒரு மூலையில் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன்.

லியோனார்ட் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். ஒன்றுமில்லை. கோட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றினார். டையையும் கழற்றினார். மெஹபூப் பாயும் வந்து சுற்றினார், அவருக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியாது, பாவம், நெஞ்சு வெடிக்கச் சுற்றினார்.

"சனிக்கெழம மூச்சு விடாம ஓடிச்சு நைனா! கண்ணு பட்டுப்போச்சு!"

"என்ன சார், பிராணனே இல்லையே இதுக்கு" என்றார் அனந்தராமன். "ஓடும்னேளேன்னுதான் டைரக்டர்ட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"ஓடினது சார்! கோவில் வாசலுக்கே வந்தது!"

"சினிமாவுக்கு வரமாட்டேங்கறதே."

அவர் போய்விட்டார். லியோனார்டின் உள்ளங்கையில் கொப்புளம். வண்டியை ஒரு உதை உதைத்தார், காலைப் பிடித்துக்கொண்டார்.

"சனியன்! இத நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க அண்ணி. எனக்கு வேணாம்."

"அதையே எழுதிக் குடுத்துடுங்க தம்பி" என்றார் உபதேசியார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டே. "கோபத்துல சொன்னதுன்னு நாளைக்கு ஆயிடக் கூடாது பாருங்க. நான் சாட்சிக்குத்தானே வந்திருக்கேன்."

எழுதிக் கொடுத்தார். அந்தக் கோபத்தில் இங்கிலீஷ் கையெழுத்துகூட நன்றாகத்தான் விழுந்தது.

எல்லாரும் போனபின் உபதேசியார் வாசலில் நின்றார். என் ஜெபமாலைப் பையைப் பார்த்தார். மாலை என் கையில் இருந்தது. பை மடியில் புடைத்துக்கொண்டிருந்தது.

"வேண்டுதல் பலமோ?" என்றார்.

"ஆமாங்கய்யா."

"பலமாத்தான் இருக்கு. இங்க வரைக்கும் எண்ணெய் வாசனை வருது."

பொய் சொல்லாத மனிதர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லையே.

செப்டம்பர் 9

மெஹபூப் பாய்க்கு முதல் சவாரி, அடையாறு வரை. என் சம்மதமில்லாமல் வண்டியின் முகப்பில் மல்லிகைச் சரம் கட்டியிருக்கிறார்.

செப்டம்பர் 30

ஷஃபியுல்லா பாய்க்கு உண்மையைச் சொன்னேன். அரை நாழி சிரித்தார், பிறகு கோபித்துக்கொண்டார், பிறகு, மோட்டாருக்கு என்று முன்னமே சொல்லியிருந்தால் தேக்குப் போட்டிருக்க மாட்டேனே என்றார். கோவில் தூம்பாவுக்குப் புதுப் பெட்டி அவரே அடிக்கிறார். சக்கரம் வைக்கட்டுமா என்று கேட்டாராம். உபதேசியார் வேண்டாம் என்றுவிட்டார்.

நவம்பர் 2, புதன்

கல்லறைத் திருநாள். வண்டி சவாரியில் இருந்ததால் நடந்தே போனேன். மெழுகுதிரி காற்றில் நிற்கவில்லை. அவரிடம் ஊர்க்கதையெல்லாம் சொன்னேன். கிளச்சு நன்றாகப் பிடிக்கிறது, இரண்டாவது கியர் மட்டும் போகும்போது முனகுகிறது, அது என்ன என்று தெரியவில்லை என்றேன். தெரிந்தாலும் அவர் சொல்லமாட்டார், கையைத்தான் நீட்டுவார். கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தால் வாசலில் ஒரு மோட்டார். மயிலாப்பூர் லேடி டாக்டர் ஒருத்தர், உள்ளேயே உட்கார்ந்திருந்தார். மெஹபூப் பாய் சொல்லி அனுப்பினாராம்.

"மெக்கானிக் இல்லையா?" என்றார். "ரொம்ப நேரமா காத்துக்கிட்டிருக்கேன்."

"மெக்கானிக்கு கல்லறை வரைக்கும் போயிருந்ததும்மா. இப்பத்தான் வந்தது" என்றேன்.

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, முன்பக்கம் வாசலைப் பார்க்கத் திருப்பி நிறுத்தச் சொன்னேன். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும் என்று சொல்லிவிட்டு, கொட்டகையிலிருந்து பலகையை உருட்டிக்கொண்டு வந்தேன்.